படத்தின் ஜாதகம்

புதுச்சத்திரத்தில் அத்தை வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து. மறுநாள் ஒரு கேமரா கார்டையும் மூன்று செல்போன்களையும் கம்ப்யூட்டர் மேசையில் கொண்டுவந்து வைத்தார் அத்தை. "எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்திக் குடு சாமி."

கார்டைத் திறந்தால் டிசிஐஎம் என்றொரு ஃபோல்டர். எந்தக் கம்பெனி கேமராவானாலும் இதே பெயர்தான். ஜப்பானில் 1998-இல் வகுத்த பொது விதி அது. அந்த விதிப்படி படங்களுக்கு 0001 முதல் 9999 வரை எண் விழும். அதைத் தாண்டினால் மறுபடி 0001. அதனால் இந்தக் காதுகுத்துப் படத்துக்கும் பழைய மாரியம்மன் பண்டிகைப் படத்துக்கும் ஒரே பெயர் வரலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, 'பழையதை மாற்றவா?' என்று கேட்கும்போது சரியென்று அழுத்தினால் பண்டிகைப் படம் போய்விடும்.

பெயரை நம்ப முடியாதென்றால் எதை நம்புவது? படத்தையேதான். ஒரு படத்தின் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். திரை முழுக்கக் கிறுக்கலாக ஓடும். ஆனால் தொடக்கத்தில், அந்தக் கிறுக்கலுக்கு நடுவே, கேமராவின் பெயர் தெளிவாகத் தெரியும். அருகிலேயே வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என 19 எழுத்தில் ஒரு நேரம். 1995-இல் ஜப்பானில் உருவான எக்ஸிஃப் முறை இது. செல்போனில் இருப்பிட வசதி இயங்கினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகும்: புதுச்சத்திரமென்றால் வடக்கே 11 பாகை சொச்சம், கிழக்கே 78 பாகை சொச்சம். பிறந்த நேரமும் இடமும் தெரிந்தால் ஜாதகம் எழுதலாம் என்பார்கள். படம் அவ்விரண்டையும் வயிற்றில் சுமந்தே பிறக்கிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த ஜாதகம் கழன்றுவிடும். படமும் நலியும். கேமரா ஏற்கெனவே படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கியிருக்கிறது. அதன் அடிப்படைக் கணக்கைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவும், அவருடன் நடராஜன், ராவ் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்டார்கள். வாட்ஸ்அப் இன்னொரு முறை அழுத்திச் சுருக்குகிறது. அப்போது தொலைந்த நுணுக்கம் திரும்பாது. ஆகவே கார்டிலிருந்தும் போனிலிருந்தும் கேபிள் போட்டு நேராக எடுப்பதே நல்லது.

ஃபோல்டருக்கு '2024-05-19 காதுகுத்து' என்று பெயர் வைத்தேன். கம்ப்யூட்டர் பெயர்களை இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடும். வருடம் முதலில் நின்றால் அகரவரிசையே காலவரிசையாகிவிடும்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. செல்போன்கள் நேரத்தை டவரிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. கேமராவில் நாம்தான் வைக்க வேண்டும். அது 7 நிமிடம் முந்தி ஓடியது. ஊசி காதில் இறங்கும் நொடி போனிலும் இருந்தது, கேமராவிலும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, கேமராப் படங்கள் அத்தனையிலும் அந்த 7 நிமிடத்தைக் கழித்தேன். பிறகு எடுத்த நேரப்படி அடுக்கச் சொன்னேன்.

நான்கு பேர் எடுத்த படங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரிசையாயின. ஒன்றில் தாய்மாமன் மடியில் குழந்தை வாய் திறந்து வீறிடுகிறது. அதே நொடியில், கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ எடுத்த படத்தில், அத்தை முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். அன்று எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.