ஸ்பிரிங் மாறினால் ஷாக்கும் மாறவேண்டும்

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்றும் உலகம் முழுக்க அன்பர்கள் உண்டு. ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் நம் ஊர் வில்வண்டியில் இருந்த அதே ஏற்பாடு தெரியும்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய எஃகுப் பட்டைகள். பல பத்தாண்டுகள் பாரம் சுமந்த பட்டைகள் வளைவு தளர்ந்துபோக, காரின் பின்புறம் தாழ்ந்துவிடுகிறது. உடையவர் புதிய பட்டை செட் வாங்குகிறார். வாங்குவதுதான் வாங்குகிறோம், கொஞ்சம் விறைப்பாகவே இருக்கட்டும் என்று நினைக்கிறார். மாட்டி ஓட்டினால் கார் மேடு பள்ளத்தில் எல்லாம் துள்ளுகிறது. பழி புது ஸ்பிரிங் மீது விழுகிறது. பெரும்பாலும் குற்றம் அதன் பக்கத்தில் இருக்கும் பழைய ஷாக் அப்சார்பருடையது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவதும், அது எந்த உயரத்தில் நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் ஸ்பிரிங்கின் வேலை. ஆனால் அமுங்கியபோது வாங்கிய ஆற்றலை அது வைத்துக்கொள்ளாது, உடனே திருப்பிக் கொடுத்துவிடும். ஷாக்தான் அந்த ஆற்றலை விழுங்குகிறது. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னஞ்சிறு துளைகள் வழியே தள்ளும்போது அசைவு வெப்பமாகிறது. மோசமான சாலையில் ஓடிவந்த காரின் ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், சூடு தெரியும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம்.

ஸ்பிரிங் விறைப்பு கூடினால் ஷாக்கின் பிடிப்பு எவ்வளவு கூடவேண்டும்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தேவைப்படும் பிடிப்பு, விறைப்பின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடுகிறது. ஸ்பிரிங் 44 சதவீதம் விறைப்பானால் ஷாக் 20 சதவீதம் கூடினால் போதும். ஆகவே கடையில் இருப்பதிலேயே மிகக் கடினமானதை எடுப்பது தவறான தேர்வு. அந்தக் கார் நல்ல சாலையில் உறுதியாக இருப்பதுபோல் தோன்றும். சாலை கெட்டதும் சக்கரம் தரையோடு ஒட்டாமல் தத்தித் தத்திப் போகும்.

கூட்டவேண்டிய பிடிப்பும் இரண்டு திசைக்கும் சமமாக இருக்கக்கூடாது. சக்கரம் மேலே வரும்போது விறைத்த பட்டையே போதுமான அளவு எதிர்க்கிறது. அது விரிந்து திரும்பும்போதுதான் அடக்க ஆள் வேண்டும். நெதர்லாந்தின் கோனி நிறுவனத்தின் கிளாசிக் வகை ஷாக் பழைய கார்க்காரர்களிடம் பெயர் வாங்கியதற்கு இது ஒரு காரணம். அதைக் கழற்றி, முழுக்க அமுக்கித் திருகினால், விரியும் திசையின் பிடிப்பை மட்டும் கூட்டலாம். இதிலும் அளவு உண்டு. அளவுக்கு மீறித் திருகினால் தொடர்ந்து வரும் மேடுகளில் சக்கரம் கீழே இறங்க நேரம் கிடைக்காது, கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும்.

பட்டை ஸ்பிரிங்குக்கு இன்னொரு குணம் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஒரு சிறிய ஷாக் போல வேலை செய்யும். துருப்பிடித்த பழைய கட்டில் இந்த உரசல் அதிகம். புதிய செட்டில் பட்டைகள் குறைவு, அல்லது நுனிகளுக்கு இடையே வழுக்கும் வில்லை வைத்திருப்பார்கள். உரசல் குறைந்து சவாரி மென்மையாகும். அந்த உரசல் செய்த வேலையும் இப்போது ஷாக்கின் தலையில் விழும். மாற்றியதும் கார் கூடுதலாக ஆடுவதற்கு இதுவும் காரணம்.

எம்.ஜி.பி.யின் பின்புறத்தில் நாம் பார்த்துப் பழகிய குழாய் ஷாக் கிடையாது. ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் நெம்புகோல் வகை ஷாக்தான் இருக்கும். காரின் உடலில் போல்ட் போட்ட ஓர் உலோகப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கை, கையிலிருந்து அச்சுக்கு இறங்கும் ஓர் இணைப்பு. பெட்டிக்குள் பிஸ்டன்களும் எண்ணெயும். கை நுழையும் இடத்தில் எண்ணெய் கசிவதுதான் இதன் வழக்கமான நோய். நல்ல நிலையில் இருப்பதை வால்வு மாற்றியே கொஞ்சம் கடினமாக்கலாம். ஸ்பிரிங்கை லேசாக மட்டும் உயர்த்தியவருக்கு இது போதும் என்பது என் கருத்து.

அதற்கு மேல் போகிறவர்கள் குழாய் ஷாக்குக்கு மாறுகிறார்கள். இதற்கான பிராக்கெட் செட்டுகள் கிடைக்கின்றன. வாங்குமுன் ஷாக் எந்தக் கோணத்தில் நிற்கும் என்று கேளுங்கள். சாய்ந்து நிற்கும் ஷாக், அச்சு அசையும் தூரம் முழுவதும் அசைவதில்லை. அது கொடுக்கும் விசையும் முழுதாகச் செங்குத்தாக வருவதில்லை. இரண்டு இழப்பும் ஒன்றையொன்று பெருக்கும். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் முக்கால் பங்கு பலன், 45 பாகை சாய்ந்தால் பாதிதான். பெட்டியில் கடினம் என்று அச்சிட்ட ஷாக் காரில் மென்மையாக நடந்துகொள்வது இதனால்தான்.

நீளத்தையும் பாருங்கள். தாழ்ந்த ஸ்பிரிங் போட்ட காரில் பழைய நீள ஷாக் நிற்கும்போதே பாதிக்கு மேல் அமுங்கியிருக்கும். பெரிய பள்ளத்தில் ரப்பர் தடுப்பு இடிப்பதற்கு முன் ஷாக்கின் அடி இடித்தால் உள்வால்வு உடையும், பிராக்கெட் கிழியும். கீழ்த்திசையில் அச்சைப் பிடித்து நிறுத்த எம்.ஜி.பி.யில் தனியாக வார்ப்பட்டைகள் உண்டு. அவை நைந்திருந்தால் அந்த இழுப்பு முழுவதும் புது ஷாக்கின் மேல் வரும்.

ஆகவே ஷாக் வாங்கக் கிளம்புமுன் காரைச் சமதரையில், வழக்கமான பாரத்தோடு நிறுத்துங்கள். ஷாக் பொருந்தும் இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம், ரப்பர் தடுப்புவரை உள்ள இடைவெளி, சாய்வு இவை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் விற்றவரிடம் அதன் விறைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்த நான்கும் கையில் இல்லாமல் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கையும் வாங்காதீர்கள்.