மடியில் வரைபடம் ஏந்திய மன்னன்

பாரிஸ் மாநகரில் லூவர் அருங்காட்சியகத்தில் தலையில்லாத கற்சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. இரு கைகளும் மார்பின் முன் கோத்திருக்க, மடியில் ஒரு பலகை. அப்பலகையின் மேல் ஒரு கோயிலின் சுற்றுமதில், வாயில்களோடு, கோடுகளாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் எழுத்தாணி, விளிம்பில் அளவு குறித்த அடிக்கோல். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் தெற்கு இராக்கில் லகாஷ் நாட்டை ஆண்ட குதேயா என்னும் மன்னரின் சிலை அது. பாஸ்ராவில் பிரெஞ்சுத் தூதரகப் பொறுப்பில் இருந்த எர்னஸ்ட் தெ சார்செக் 1877-இல் தொடங்கிய அகழ்வில் கிடைத்தது. உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டிட வரைபடங்களுள் ஒன்று, இப்படி ஒரு கோயிலின் வரைபடமாக இருக்கிறது.

வளைகுடாவில் வாழும் அன்பர்களுக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. சிலை செய்த கரிய கல் மாகன் நாட்டு மலையிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று அச்சிலையின் எழுத்துகளே கூறுகின்றன. மாகன் என்பது இன்றைய ஓமானும் ஐக்கிய அரபு அமீரகமும் அடங்கிய நிலப்பகுதி என்பது ஆய்வாளர் கருத்து. அந்த வரைபடத்தைத் தாங்கி நிற்பது இந்த மண்ணின் கல்.

குதேயா கோயில் கட்டிய வரலாறு இரண்டு களிமண் உருளைகளில் எழுதப்பட்டுள்ளது. மன்னரின் கனவில் தெய்வம் தோன்றிக் கோயில் எழுப்பச் சொல்கிறது. அதே கனவில் வீரன் ஒருவன் நீலமணிப் பலகையில் கோயிலின் அமைப்பை வரைந்துகொண்டிருக்கிறான். தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தெய்வம் கனவில் வந்து கோயில் கேட்பது புதிதல்ல. ஆனால் கூடவே ஒருவர் பிளானையும் வரைந்து காட்டுவது புதிது!

இங்கே பூசலார் நாயனாரை நினைக்காமல் இருக்க முடியாது. திருநின்றவூரில் அவர் மனத்துக்குள்ளேயே அடித்தளம் முதல் சிகரம் வரை ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். ஒருவர் மனத்திலேயே எழும் கோயிலுக்கு வரைபடம் வேண்டியதில்லை. அதே காலத்தில் காஞ்சியில் கல்லால் கட்டிய மன்னனின் நிலை வேறு. தன் மனத்தில் இருப்பதை அவன் பிறர் கைகளுக்கு மாற்றியாக வேண்டும். ஒருவர் மனத்தில் உள்ளதைப் பலர் கைகளுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வரைபடத்தின் வேலை. அதன் வரலாறு முழுவதும் இந்த ஒரு வேலையின் வரலாறுதான்.

நம் ஸ்தபதிகள் அதைத் தரையிலேயே செய்தார்கள். மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். எட்டுக்கு எட்டாக 64 பதங்கள் கொண்டது மண்டூகம்; ஒன்பதுக்கு ஒன்பதாக 81 பதங்கள் கொண்டது பரமசாயிகம். மயமதம் என்னும் சிற்ப நூல் இவற்றை விரித்துரைக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் போஜ்பூரில், 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்ற சிவாலயத்தைச் சுற்றியுள்ள பாறைகளில், தூண்களும் சிகரமும் கோட்டு வடிவில் இன்றும் காணக் கிடைக்கின்றன. கோயில் முடியாததால் வரைபடம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

வரைபடமே இல்லாத கைத்தொழிலும் இந்தக் கரையில் இருந்தது. ஓமானின் சூர் துறைமுகத்திலும், கேரளத்தின் பேப்பூரிலும் மரக்கலம் கட்டிய மூத்த தச்சர்கள் தாளில் கோடு இழுக்காமலே பெரிய கப்பல்களை உருவாக்கினார்கள். அளவெல்லாம் அவர்கள் கண்ணிலும் நினைவிலும் இருந்தன. திட்டமிடுபவரும் உளி பிடிப்பவரும் ஒரே முற்றத்தில் நிற்கும்வரை இது நடக்கும். ஒருவர் ஓர் ஊரிலும் மற்றவர் வேறு ஊரிலும் இருந்தால், இருவருக்கும் நடுவே ஒரு தாள் வந்துதான் ஆகவேண்டும்.

அந்தத் தாளுக்கு இலக்கணம் வகுத்தவர் பிரான்சின் காஸ்பர் மோங்கே. கோட்டை கட்டும் கணக்குகளுக்காக அவர் கண்ட முறையை ராணுவம் நெடுநாள் ரகசியமாக வைத்திருந்தது. 1795-இல்தான் அவரால் அதைப் பொதுவில் போதிக்க முடிந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள பொருளை, மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்த தோற்றங்களாகத் தட்டைத் தாளில் பிழையின்றி இறக்குவதே அம்முறை. பொருளை நடுவில் வெட்டிக் காட்டும் 'செக்‌ஷன்' படமும் உண்டு. உடலைக் கிழிக்காமல் உள்ளிருக்கும் உறுப்பைக் காட்டும் ஸ்கேன் படத்துக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றே.

மோங்கே பாடம் நடத்தியதற்கு ஓராண்டு முன்பு, 1794-இல், சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. அதுவே வளர்ந்து கிண்டி பொறியியற் கல்லூரியாயிற்று. பின்னாளில் ஊருக்கு ஊர் வந்த ஐ.டி.ஐ.களில் டிராப்ட்ஸ்மேன் பயிற்சி இரண்டாண்டுப் படிப்பாக அமைந்தது. பட்டப்படிப்புக்கு வசதியில்லாத எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சான்றிதழே பாஸ்போர்ட்டுக்கு வழி காட்டியது.

துபாய்க்கு 1960-இல் முதல் நகரத் திட்டம் வரைந்தவர் ஜான் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டிடக் கலைஞர். 1979-இல் திறக்கப்பட்ட 39 மாடி உலக வர்த்தக மையமும் அவர் வடிவமைத்ததே. 1973-க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும் துறைமுகம், சாலை, மருத்துவமனை, குடியிருப்பு என்று வேலைகள் குவிந்தன. டிராயிங் ஆபீஸ்களில் தமிழரும் மலையாளிகளும் நிறைந்தார்கள். சாய்ந்த மேஜை, டீ-ஸ்கொயர், செட் ஸ்கொயர், டிரேசிங் தாள், இந்திய மை. தப்பிய கோட்டைப் பிளேடால் மெல்லச் சுரண்டும் பொறுமை. நகல் எடுக்கும் அறைக்குள் நுழைந்தாலே கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி. அதற்கு முந்தைய 'புளூபிரிண்ட்' ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்ட இரும்பு உப்பு முறை. நீலத் தாளில் வெள்ளைக் கோடுகள். தாள் போய்விட்டது, பெயர் மட்டும் பேச்சில் நின்றுவிட்டது.

வளைகுடாவின் மேஜைகளில் ஒரு தனிச் சிக்கலும் இருந்தது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பழகிய 'முதல் கோண' முறையில், மேலிருந்து பார்த்த தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைவார்கள். அமெரிக்காவின் 'மூன்றாம் கோண' முறையில் அதை மேலே வரைவார்கள். பக்கத் தோற்றங்களும் அப்படியே இடம் மாறும். எந்த முறை என்று காட்டும் சிறு குறியைப் பார்க்கத் தவறினால், இடப்பக்கம் இருக்க வேண்டிய துளை வலப்பக்கம் விழும். போதாததற்கு ஒரு தாளில் அடி, அங்குலம். மறு தாளில் மில்லிமீட்டர். மருந்துச் சீட்டில் தசமப் புள்ளி ஓரிடம் நகர்ந்தால் மருந்து பத்து மடங்காகும். இங்கும் அப்படித்தான்.

கோடு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி சாட்சி. 1981 ஜூலை 17-ஆம் தேதி, அங்குள்ள ஹயாட் ரீஜென்சி ஓட்டலில், கூடத்தின் மேல் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் மாண்டனர். மேல் பாலமும் கீழ்ப் பாலமும் ஒரே நீண்ட இரும்புக் கம்பியில் தொங்குவதாகவே முதல் திட்டம் இருந்தது. பட்டறைக்கான வரைபடத்தில் அது இரண்டு கம்பிகளாக மாறியது. கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்தே தொங்கியது. கிணற்றில் இருவர் ஒரே கயிற்றைத் தனித்தனியே பிடித்துத் தொங்கலாம். கீழே இருப்பவர் கயிற்றை விட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்தால், மேலே உள்ள கைகள் எவ்வளவு தாங்கும்? முதல் திட்டமே விதி கேட்ட வலுவுக்குக் குறைவானது. மாற்றம் அதையும் குறைத்தது. அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் முத்திரை விழுந்திருந்தது. பொறுப்பான பொறியாளர் இருவர் பின்னர் மிசௌரி மாநிலத்தில் உரிமம் இழந்தனர்.

இதனால்தான் ஒவ்வொரு வரைபடத்தின் வலக் கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கிறது. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று இடங்கள், மூன்று கையெழுத்துகள். 'யாரோ பார்த்திருப்பார்கள்' என்ற நினைப்பைத் தடுக்க ஏற்பட்ட கட்டம் அது. கையெழுத்து வெறும் சடங்கானால் அந்தத் தாள் வெறும் தாள்தான்.

1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோடு வரைந்து காட்டினார். 1982-இல் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தது. சில ஆண்டுகளில் டீ-ஸ்கொயர் பரணுக்குப் போனது. நடுவயதில் மேஜையை விட்டுக் கணினி கற்றவர்கள் பிழைத்தார்கள். கற்க இயலாதவர்கள் ஊர் திரும்பினார்கள். இன்று கட்டிடம் முழுவதையும் முப்பரிமாண மாதிரியாகவே கணினியில் எழுப்பிவிடுகிறார்கள். துபாய் நகராட்சியும் 2014 முதல் பெரிய கட்டிடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. குழாயும் உத்தரமும் ஒன்றோடொன்று மோதினால் கணினியே காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த உத்தரம் போதுமா என்று நின்று கேட்கும் மனத்தை எந்த மென்பொருளும் தருவதில்லை. பிளேடால் சுரண்டிய தலைமுறைக்கு ஒரு கோட்டை மாற்றுவது அரை நாள் வேலை. ஆகவே மாற்றுமுன் இருமுறை யோசித்தார்கள். இன்று மாற்றுவது ஒரு நொடி. யோசிக்கும் பழக்கத்தை மனிதர்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் சொல்லித்தர வேண்டியது இது ஒன்றே.

அபுதாபியில் சுவாமிநாராயண் சம்ஸ்தாவின் கற்கோயில் 2024 பிப்ரவரி 14-ஆம் தேதி திறக்கப்பட்டது. ராஜஸ்தானத்து இளஞ்சிவப்பு மணற்கல்லை அங்கேயே செதுக்கி, கடல் கடத்தி, இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். அங்கே உளி பிடித்தவருக்கும் இங்கே கல்லை ஏற்றியவருக்கும் நடுவே நின்றது வரைபடம். கோடு சரியாக இருந்ததால் கல் கல்லோடு பொருந்தியது.

அன்று இந்த மண்ணிலிருந்து ஒரு கல், கோயிலின் வரைபடத்தைத் தாங்கப் புறப்பட்டுப் போனது. நாலாயிரம் ஆண்டுகள் கழித்து, கோயிலின் வரைபடத்தை நம்பிக் கற்கள் இந்த மண்ணுக்கு வந்திருக்கின்றன. அடுத்த முறை கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது, எங்கோ ஓர் அறையில் குனிந்திருந்து அதன் கோடுகளை வரைந்தவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வது நன்று.