நெல் தேடினால் நெல்லை வருகிறது

நெல்லை மாவட்டக் கட்டுரைகள் நிறைந்த ஓர் இணையதளத்தில், நெல் சாகுபடி பற்றிப் படிக்க ‘நெல்’ என்று தட்டுகிறீர்கள். வந்து குவிவதோ நெல்லைச் செய்தியும் திருநெல்வேலிச் செய்தியும். இரண்டு பெயருக்குள்ளும் ‘நெல்’ இருக்கிறதே! தளத்தோடு கூடவே வரும் எளிய தேடல், பெரும்பாலும் சொல்லைப் பார்ப்பதில்லை. எழுத்து வரிசையைத்தான் பார்க்கிறது. அதற்காக ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்டுரைகளையும் புரட்டவும் செய்கிறது.

தேடுபொறி அப்படிப் புரட்டுவதில்லை. உ.வே.சா. பதிப்புகளின் கடைசியில் வரும் அரும்பத அகராதி போல, எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற சொல்லடைவை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்கிறது. டக் கட்டிங் 1990-களின் கடைசியில் உருவாக்கிய லூசீன் என்ற தேடல் மென்பொருள் செய்வது இதைத்தான். ஷே பேனன் 2010-இல் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியும் லூசீன்மேல்தான் நிற்கிறது.

தமிழுக்கு இது மட்டும் போதாது. ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’, ‘குளங்கள்’ வராது. வேற்றுமை உருபையும் பன்மை விகுதியையும் கழற்றிவிட்டு அடைவில் ஏற்ற வேண்டும். ஸ்னோபால் என்ற கட்டற்ற தொகுப்பில் தமிழுக்கும் அதற்கான விதிகள் இருக்கின்றன. இதைச் செய்யாமல் தேடுபொறியை மாட்டினால் பழைய தேடலைவிட மோசமாகிவிடும். அதுவாவது ‘நாங்குநேரி’ என்ற ஊர்ப்பெயரைத் தட்டினால் ‘நாங்குநேரியில்’ என்பதைப் பிடித்துக்கொடுக்கும்.

நாங்குநேரியையே எடுத்துக்கொள்வோம். நாங்குனேரி என்றும் எழுதுகிறார்கள், நான்குநேரி என்றும் எழுதுகிறார்கள். யூனிகோடில் இவ்வூர்ப் பெயர் பத்துக் குறியீடு. முதல் மாற்றத்தில் ‘ந’ ஒன்று ‘ன’ ஆகிறது. இரண்டாவதில் ‘ங’ ‘ன’ ஆகிறது. பத்தில் ஒன்றுதான் வேறு. இத்தனை எழுத்து மாறினால் பரவாயில்லை என்று தேடுபொறிக்குச் சொல்லி வைக்கலாம். மூன்றும் ஒன்றாக வந்துவிடும்.

எதை முதலில் காட்டுவது? அரிய சொல்லுக்கு எடை கூடுதல் என்ற வழியைக் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் காட்டினார். நெல்லைத் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘திருநெல்வேலி’ வரும். அதற்கு எடை குறைவு. ‘நாங்குநேரி குளம்’ என்று தேடினால், அவ்வளவாகப் புழங்காத ‘நாங்குநேரி’தான் வரிசையைத் தீர்மானிக்கும்.

ஆனால் அதே ஊர் வைணவர்களுக்கு வானமாமலை, பிரபந்தத்தில் சிரீவரமங்கை. இந்த உறவை எந்த எழுத்துக் கணக்கும் கண்டுபிடிக்காது. ஊரை அறிந்தவர் உட்கார்ந்து மாற்றுப்பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும். அதையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை 1917-இல் பிறந்ததும் நாங்குநேரியில்தான். நாங்குநேரி, வானமாமலை இரண்டையும் சமமென்று எழுதிவிட்டால், ஊரைத் தேடுகிறவர் முன்னால் அவருடைய நூல்களெல்லாம் வந்து நிற்கும். வானமாமலைக்கு நாங்குநேரியைவிடக் கொஞ்சம் எடை குறைத்து வைத்தால், ஊர் முதலில் வரும். அவர் பின்னால் வருவார்.