ஏரிக்கரையில் உயிர்ப்பு ஞாயிறு

குழந்தைகளே, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பழவேற்காடு. இங்குள்ள ஏரியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஏரியைச் சுற்றிலும் மீனவர் குப்பங்கள். இறாலும் நண்டும் மடவை மீனும்தான் இந்த ஊர்களுக்குச் சோறு போடுகின்றன.

இந்தக் குப்பங்களில் ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். அது, 'பாடு'.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் கிடைக்காது. நீரோட்டம் உள்ள சில இடங்களில்தான் இறால் நிறைய வரும். 'அந்த இடம் எனக்குத்தான்' என்று எல்லோரும் முண்டியடித்தால் என்ன ஆகும்? தினமும் சண்டைதான்! அதனால் இவர்களின் முன்னோர் ஒரு வழி கண்டுபிடித்தனர். சீட்டுப் போட்டு முறை வைத்துக் கொண்டனர். இன்று நல்ல இடம் உனக்கு, அடுத்த முறை எனக்கு. இதற்குப் பெயர்தான் பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை.

இவற்றில் நடூர் மாதாகுப்பம் கிறிஸ்தவ மீனவர்கள் வாழும் ஊர். பெயரிலேயே 'மாதா' இருக்கிறது, பார்த்தீர்களா? பழவேற்காட்டில் உள்ள மகிமை மாதா ஆலயத்தின் வரலாறு, போர்ச்சுகீசியர் இங்கு வந்த 16ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு 'பாடு' என்ற சொல்லில் இன்னொரு பொருளும் உண்டு. அது, துன்பம். இயேசு கிறிஸ்து பட்ட துன்பங்களை 'இயேசுவின் பாடுகள்' என்றே அவர்கள் சொல்கின்றனர். அந்தப் பாடுகளையும், அதற்குப் பின் வந்த மகிழ்ச்சியையும் நினைத்துப் பார்ப்பதற்காகவே ஆண்டுதோறும் ஒரு வாரத்தை ஒதுக்கியிருக்கின்றனர். அதுதான் புனித வாரம்.

ஒரு வாரம், நான்கு நாட்கள்

முதல் நாள் குருத்தோலை ஞாயிறு. இயேசு எருசலேம் நகருக்குள் வந்தபோது மக்கள் மரக்கிளைகளைப் பிடித்து அவரை வரவேற்றனர். அதன் நினைவாகக் குருத்தோலைகளை ஏந்தி ஊர்வலம் போகின்றனர்.

அடுத்தது பெரிய வியாழன். அன்றிரவு இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவினார். அந்தக் காலத்தில் அது வேலைக்காரர் செய்யும் வேலை. குருவே அதைச் செய்தார்! கத்தோலிக்க ஆலயங்களில் இன்றும் அந்த நாளில் குருவானவர் பாமர மக்களின் கால்களைக் கழுவுகிறார். அன்றிரவுத் திருப்பலிக்குப் பிறகு கோவில் மணி ஒலிக்காது. மரக்கட்டையைத் தட்டித்தான் ஒலி எழுப்புவார்கள்.

மூன்றாவது, புனித வெள்ளி. இயேசு சிலுவையில் இறந்த நாள். பீடத்தில் பூ இல்லை, விளக்கு இல்லை. மக்கள் நோன்பிருந்து, 14 நிலைகள் கொண்ட சிலுவைப் பாதையில் நடந்து மன்றாடுகின்றனர்.

சனிக்கிழமை இரவு இருட்டில் கூடுகின்றனர். ஆலயத்துக்கு வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்கா மெழுகுதிரி என்ற பெரிய திரியை ஏற்றுகின்றனர். அந்த ஒரு சுடரிலிருந்து ஒவ்வொருவர் கையிலுள்ள திரிக்கும் ஒளி பரவும். இரண்டு நாட்களாக ஊமையாக இருந்த மணிகள் மீண்டும் முழங்கும். விடிந்தால் உயிர்ப்பு ஞாயிறு. அதையே ஈஸ்டர் என்கிறோம்.

பலி என்றால் என்ன?

'ஒருவர் இறந்த நாளைப் புனித வெள்ளி என்று கொண்டாடலாமா?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

இயேசு யூத குலத்தில் பிறந்தவர். யூதர்கள் தங்கள் முன்னோர் எகிப்தில் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றதைப் பாஸ்கா விழாவாகக் கொண்டாடினர். அந்த விழாவில் ஆட்டுக்குட்டியைப் பலியிடுவார்கள். இயேசு இறந்ததும் அந்த விழாக் காலத்தில்தான். ஆகவே, அவரையே பாஸ்கா ஆட்டுக்குட்டியாகக் கிறிஸ்தவர்கள் பார்க்கின்றனர். மனிதர்கள் செய்த பாவங்களின் சுமையைத் தாமே ஏற்றுக் கொண்டு, கடவுளோடு அவர்களை மீண்டும் சேர்த்து வைக்க அவர் உயிரைக் கொடுத்தார் என்பது அவர்களின் நம்பிக்கை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் தப்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களையும் மன்னிக்கும்படி மன்றாடினார். விருப்பத்தோடு கொடுத்ததால்தான் அதைப் 'பலி' என்கின்றனர்.

கரையில் நின்றவர் யார்?

உயிர்ப்பைப் பற்றி பைபிளில் பல நிகழ்ச்சிகள் உண்டு. வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். அவர்களில் ஒருவர் மகதலா மரியா. ஆனால், ஏரிக்கரை மக்களுக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது.

இயேசுவின் முதல் சீடர்கள் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகிய நால்வரும் மீனவர்கள். அவர்கள் வலை வீசிய கலிலேயக் கடல் உண்மையில் ஓர் ஏரிதான்! 1986ஆம் ஆண்டு கடும் வறட்சியால் அதன் நீர் வற்றியபோது, சேற்றில் புதைந்திருந்த பழைய மீன்பிடிப் படகு ஒன்று கிடைத்தது. வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். இயேசு காலத்து மீனவர்கள் இப்படிப்பட்ட படகில்தான் போயிருப்பார்கள்.

இயேசு இறந்த பிறகு, ஏழு சீடர்கள் அந்த ஏரியில் இரவு முழுவதும் வலை வீசினர். ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. வெறும் வலையோடு கரை திரும்புவது எவ்வளவு வேதனை என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். விடியும் நேரம், கரையில் ஒருவர் நின்றார். படகின் வலப்பக்கம் வலையைப் போடச் சொன்னார். போட்டார்கள். 153 பெரிய மீன்கள்! வலையும் கிழியவில்லை. அப்போதுதான் அவர் இயேசு என்று தெரிந்தது. அவர் கரி நெருப்பில் மீன் சுட்டு, ரொட்டியும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்று அழைத்தார்.

அந்தப் படகில் பேதுருவும் இருந்தார். இயேசு கைதான இரவில், பயத்தில் 'அவரை எனக்குத் தெரியாது' என்று மூன்று முறை மறுத்தவர் அவர். இயேசு கோபித்துக் கொண்டாரா? இல்லை. தம்மிடம் அன்பு உண்டா என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'ஆம்' என்ற பேதுருவிடம் தம் மக்களைக் கவனிக்கும் பொறுப்பையே ஒப்படைத்தார். தவறியவருக்கும் புது வாழ்வு உண்டு. உயிர்ப்பு என்றால் இதுவும்தான் என்கின்றனர் கிறிஸ்தவர்கள்.

அதே படகில் தோமாவும் இருந்தார். காயங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று முன்பு சொன்னவர். அவர் தமிழகம் வந்து, சென்னைப் பரங்கிமலையில் உயிர் துறந்தார் என்பது மரபு. அவர் நினைவாகவே சாந்தோம் பேராலயம் இருக்கிறது.

எலும்புக்கூடும் மெழுகுதிரியும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். கோட்டை அழிந்துவிட்டது. அவர்களின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதன் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும்! பயமுறுத்துவதற்காக அல்ல. 'எல்லோரும் ஒருநாள் இறப்போம்' என்பதை நினைவூட்டுவது அக்கால ஐரோப்பியர் வழக்கம்.

அந்த எலும்புக்கூடு சொல்வது உண்மைதான். ஆனால், அதோடு எல்லாம் முடிந்துவிடாது என்பதே ஈஸ்டர் சொல்லும் செய்தி. கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மரணம் தூரத்தில் இருப்பதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையைத் தமிழகக் கடற்கரை எளிதில் மறக்குமா? இறந்தவர்களை மீண்டும் காண்போம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கல்லறைகளைப் பூவால் அலங்கரித்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அழுகை இருக்கும். ஆனால், ஒளியும் இருக்கும்.

தெரிந்து கொள்ளுங்கள்!

கிறிஸ்துமஸ் ஆண்டுதோறும் டிசம்பர் 25தான். ஈஸ்டர் மட்டும் ஏன் மாறுகிறது? அதை நிலா முடிவு செய்கிறது! மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பின்போ வரும் முதல் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே, மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். பௌர்ணமியை ஒட்டி நீரேற்றம் அதிகமாக இருக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரிந்த கணக்கு.

ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் பிடித்த உணவைத் தவிர்த்து, அதில் மிச்சமாகும் காசை ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம். நல்ல பாட்டை ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுத்துப் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு அதன் பொருளை விளக்கவே வேண்டாம். நீங்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், உங்களுக்குப் பிடித்த ஒன்றை இந்த வாரம் யாருக்காவது விட்டுக் கொடுத்துப் பாருங்களேன், குழந்தைகளே!