கிரிட்டில் ஒரு 'சீட்' வேணுமா? கோடிக்கணக்கில் அட்வான்ஸ் ரெடியா பாஸ்?

புது வீட்டுக்கு கரன்ட் கனெக்‌ஷன் வாங்கினவங்களுக்குத் தெரியும். அப்ளிகேஷனுக்கு ஒரு தொகை, மீட்டருக்கு ஒரு தொகை, அப்புறம் 'டெபாசிட்'னு தனியா ஒண்ணு. "லைட்டே இன்னும் எரியல, அதுக்குள்ள எதுக்குப்பா டெபாசிட்?"னு வீட்டுல யாராவது ஒருத்தர் கேட்டிருப்பாங்க. பில் கட்டாமல் நாம் காலி செய்துவிட்டுப் போனால் ஈ.பி-க்கு நஷ்டம் வரக் கூடாது. அதற்குத்தான் அந்தப் பணம்.

கரன்ட்டை வாங்கும் நமக்கு மட்டும்தான் இந்த ரூல் என்று நினைக்க வேண்டாம். கரன்ட் தயாரித்து விற்கும் கம்பெனிகளும் டெபாசிட் கட்டித்தான் உள்ளே வர முடியும். என்ன, அவர்களுக்குத் தொகை கோடிகளில்!

எதுக்கு இந்தக் காசு?

ஒரு கம்பெனி 300 மெகாவாட்டில் சோலார் பார்க் அமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேனல் மாட்டினால் மட்டும் போதாது. அங்கே உருவாகும் மின்சாரம் நாடு முழுக்கப் போக வேண்டுமென்றால், மாநிலங்களை இணைக்கும் பெரிய மின்தொகுப்பில், அதாவது கிரிட்டில் சேர வேண்டும். கிரிட்டை நம்ம ஊர் பைபாஸ் ரோடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏற ஒரு வழி வேண்டும். சில இடங்களில் அந்த வழியையே புதிதாகப் போட வேண்டியிருக்கும். சப் ஸ்டேஷன், டவர், லைன் என எல்லாமே பெரிய செலவு.

சிக்கல் எங்கே என்றால், சோலார் பார்க்கை ஒன்றிரண்டு வருடத்தில் கட்டிவிடலாம். ஆனால், பல ஊர்களைக் கடந்து போகும் லைனுக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கலாம். அதனால் கம்பெனி ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே லைன் வேலையைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. லைன் போட்டு முடித்த பிறகு, "சாரி, எங்களுக்கு லோன் கிடைக்கல" என்று கம்பெனி கையை விரித்தால்? டவர் நிற்கும், கரன்ட் ஓடாது. அந்தச் செலவு மின்கடத்தல் கட்டணமாக மாநில மின்வாரியங்களின் தலையில் விழும். அங்கிருந்து நம்ம பில்லுக்கு வரும்.

இந்தியாவில் எவ்வளவு கட்டணும்?

மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022-ல் கொண்டுவந்த விதிகள்தான் இதற்கு அடிப்படை. கணக்கைப் பார்ப்போம்.

விண்ணப்பக் கட்டணம் 5 லட்சம் ரூபாய். பொதுவாக 50 மெகாவாட்டுக்குக் குறைவாக இருந்தால் இந்த கிரிட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. கொள்கை அளவில் ஓகே சொன்னதும், 50 லட்சம் ரூபாய்க்கு முதல் பேங்க் கியாரன்டி. அடுத்து, சப் ஸ்டேஷனில் இவர்களுக்காகத் தனியே அமைக்கும் இணைப்பு வசதிக்கு, வோல்டேஜைப் பொறுத்து இரண்டாவது கியாரன்டி. ஏற்கெனவே இருக்கும் கிரிட்டில் இடம் பிடிப்பதற்கு மெகாவாட்டுக்கு 2 லட்சம் வீதம் மூன்றாவது கியாரன்டி.

டெண்டரில் ஜெயித்த கடிதமோ, நிலப் பத்திரமோ கையில் இல்லையா? அதற்கும் ஒரு வழி உண்டு. நிலத்துக்குப் பதிலாக, மெகாவாட்டுக்கு 10 லட்சம் ரூபாய் கியாரன்டி கொடுக்கலாம்.

நம்ம 300 மெகாவாட் கம்பெனிக்கு இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் கியாரன்டி 50 லட்சம், மூன்றாவது 6 கோடி, நிலத்துக்குப் பதிலாக 30 கோடி. மொத்தம் 36.5 கோடி ரூபாய். இரண்டாவது கியாரன்டி இதில் சேரவில்லை!

பேங்க் கியாரன்டி என்றால் பணத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பது இல்லை. "இவர் தவறினால் நாங்கள் கொடுக்கிறோம்" என்று வங்கி எழுதித் தரும் உறுதி. அதற்கு வங்கி சும்மா கையெழுத்துப் போடாது. ஒரு பகுதியை டெபாசிட்டாகவோ சொத்தாகவோ கேட்கும், கமிஷனும் வாங்கும். இதில் ஒரு வேடிக்கை, வீட்டு கனெக்‌ஷனுக்கு நாம் கட்டும் டெபாசிட்டுக்கு, 2003 மின்சாரச் சட்டப்படி நமக்கு வட்டி தர வேண்டும். கம்பெனியோ கியாரன்டிக்குக் கையிலிருந்து செலவழிக்கிறது.

திட்டத்தைப் பாதியில் கைவிட்டால், எந்தக் கட்டத்தில் கைவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து கியாரன்டி பணம் பறிபோகும். லைன் ரெடி, பார்க் லேட் என்றாலும் தப்பிக்க முடியாது. பொதுவாக மெகாவாட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் கட்ட வேண்டும். 300 மெகாவாட்டுக்கு மாதம் 9 லட்சம்!

துண்டு போட்டு சீட் பிடிச்சா என்ன ஆகும்?

பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதே வேலை கிரிட்டிலும் நடக்கும். கட்டும் எண்ணமே இல்லாமல் இடத்தைப் பிடித்து வைத்து, பிறகு வேறு யாருக்காவது கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

பிரிட்டன் இதற்குப் பெரிய உதாரணம். அங்கே 'முதலில் வந்தவருக்கு முதலிடம்' என்ற முறை இருந்தது. கிரிட்டில் சேரக் காத்திருந்த திட்டங்களின் அளவு 700 கிகாவாட்டைத் தாண்டியது. அந்த நாட்டுக்கு உண்மையில் தேவைப்படுவதைவிட இது பல மடங்கு அதிகம். நிலமும் அனுமதியும் தயாராக வைத்திருந்தவர்கள்கூட, வெறும் பேப்பர் திட்டங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். கடைசியில் 2025 ஏப்ரலில், 'தயாராக இருப்பவருக்கு முதலிடம்' என்ற மாற்றத்துக்கு அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் கொடுத்தது.

அப்போ டெபாசிட்டை ஏத்திட்டே போலாமா?

அங்கேதான் இன்னொரு பிரச்னை. அந்த 50 லட்சம் எல்லோருக்கும் ஒரே தொகை. 1,000 மெகாவாட் கம்பெனிக்கு அது மெகாவாட்டுக்கு வெறும் 5,000 ரூபாய். 50 மெகாவாட் கம்பெனிக்கு மெகாவாட்டுக்கு 1 லட்சம். 20 மடங்கு! பெரிய குழுமம் என்றால் வங்கி சீக்கிரம் கியாரன்டி கொடுக்கும். நல்ல நிலமும் நல்ல திட்டமும் வைத்திருக்கும் சின்ன நிறுவனம், வங்கி வாசலிலேயே நின்றுவிடலாம். நாலு பெரிய ஆட்கள் மட்டும்தான் விளையாட முடியும் என்றால் போட்டி குறையும். போட்டி குறைந்தால் கரன்ட் விலை குறைய வாய்ப்பில்லை. அதுவும் நம்ம பில்தான்.

ஆக, டெபாசிட் கம்மியா இருந்தா யாரும் வராத லைனுக்கு நாம காசு கொடுக்கணும். ரொம்ப அதிகமா இருந்தா போட்டியில்லாத சந்தைக்கு நாம காசு கொடுக்கணும். நடுவுல சரியான தொகையைப் பிடிக்கிறதுலதான் ஒழுங்குமுறை ஆணையத்தோட திறமையே இருக்கு.

அடுத்த முறை '5,000 மெகாவாட் சோலார் திட்டம் அறிவிப்பு' என்று செய்தி உங்கள் மொபைலில் வந்தால், ஷேர் பண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவங்களுக்கு கிரிட் கனெக்‌ஷன் கிடைச்சிருச்சா? கியாரன்டி கொடுத்துட்டாங்களா?" இல்லையென்றால், அது இன்னும் அறிவிப்பு மட்டும்தான்.