கொல்லைப்புறம் – 9: நொட்டாங்கை அரிவாள்

பாத்தி பிடிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டால் பதில் சின்னதுதான். இரண்டு மூன்று சென்ட் கொல்லைக்கு ஒரு மண்வெட்டி, ஒரு களைக்கொத்து, ஒரு கதிர் அரிவாள், ஒரு கத்தரி, ஒரு பூவாளி, மண் அள்ள ஓர் இரும்புச் சட்டி. கல் கிடக்கிற தரையென்றால் கடப்பாரை வேண்டும். அதை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு இரண்டு நாள் வேலைகூட அதற்கு இருக்காது. இதற்கு மேல் வாங்குவதெல்லாம் பரணுக்குத்தான் போய்ச் சேரும்.

ஆனால் இந்த ஆறையும் யார் கைக்கு வாங்குகிறோம் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. தோட்டம் போட்ட புதிதில் கடையில் ஒரு பெட்டி வாங்கிவந்தேன். கைக்கொத்து, மண் கரண்டி, முள் கரண்டி, எல்லாவற்றுக்கும் பச்சை பிளாஸ்டிக் பிடி. எங்கள் தரை சித்திரையில் ஓடு மாதிரி இறுகிவிடும். இரண்டாம் நாளே கரண்டியின் கழுத்து மடங்கிவிட்டது. தென்னை நார்க்கழிவு நிரப்பிய மாடித் தொட்டிக்கு அது போதும், தரைக்கு ஆகாது. அதைவிட வருத்தமான விஷயம், எங்கள் கொல்லையில் பாதி வேலையைச் செய்வது என் அம்மா. 68 வயது, ஐந்தடிக்கும் குறைந்த உயரம், இடதுகைப் பழக்கம். நான் வாங்கிய ஒரு சாமான்கூட அவருக்குத் தோதாக இல்லை. அவரும் சொல்லவில்லை.

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பட்டறைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. துருத்தி இருந்த இடத்தில் இப்போது கரண்டில் ஓடும் காற்றாடி. நான் மண்வெட்டி வேண்டும் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “யாரு புழங்குறது தம்பி, நீங்களா அக்காவா?”

“அம்மாதாங்க.”

“அப்ப அக்கா வரட்டும்.” ஒரு மண்வெட்டியை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். “அந்த மண்ணுல நாலு கொத்து கொத்துங்கக்கா.”

அம்மா கொத்தினார். பட்டறைக்காரர் மண்வெட்டியைப் பார்க்கவே இல்லை, அம்மாவின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இது வரப்பு வெட்டுற மம்பட்டி. ஒங்களுக்கு இம்புட்டு கனம் எதுக்கு?” என்று அதை வாங்கி வைத்துவிட்டு, சின்ன இலையுள்ள ஒன்றை எடுத்தார். கணையை, அதாவது மரப்பிடியை, அரையடி கூட்டினார். கழுத்தை உலையில் காய்ச்சி, கணைக்கும் இலைக்கும் நடுவிலுள்ள கோணத்தைக் கொஞ்சம் விரித்தார். கோணம் குறுகினால் மண்ணை இழுத்துப் பாத்தி கட்ட வசதி, ஆனால் குனிந்தேதான் நிற்க வேண்டும். கோணம் விரிந்து கணையும் நீண்டால் முக்கால்வாசி நிமிர்ந்தபடியே கொத்தலாம். மறுபடி கொத்திப் பார்த்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் நிறுத்தச் சொன்ன பிறகும் கொத்திக்கொண்டிருந்தார்.

பிடியின் நீளத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் லெட்டூஸ், சர்க்கரை பீட்ரூட் வயல்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்த கூலிகள். அவர்களுக்கு இரண்டடியோ அதற்கும் குறைவோ நீளமுள்ள கொத்துதான் கொடுப்பார்கள். ஸ்பானிய மொழியில் அதற்கு ‘எல் கோர்ட்டிட்டோ’, அதாவது குட்டையன் என்று பேர். நாள் முழுக்க இரண்டாக மடிந்து வேலை செய்து, நடு வயதிலேயே முதுகு போனவர்கள் ஏராளம். தொழிலாளர் தலைவர் செசார் சாவேசும் அதைப் பிடித்து உழைத்து முதுகுவலியோடு வாழ்ந்தவர்தான். பிடி குட்டையாக இருந்தால்தான் பயிர் அடிபடாது என்று வாதாடினார்கள் பண்ணைக்காரர்கள். வேலையை நிறுத்தி யாராவது நிமிர்ந்தால் கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரியும், அதுவும் அவர்களுக்கு வசதி. மாரிஸ் ஜோர்டேன் என்ற வழக்கறிஞர் தொழிலாளர்கள் பக்கம் நின்று வழக்கு நடத்தினார். 1975-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து குட்டைக் கொத்துக்குத் தடை வந்தது. நீளப் பிடிக்கு மாறிய பிறகு பயிர் ஒன்றும் கெட்டுவிடவில்லை. நம் பெண்கள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை களைக்கொத்தோடு குனிந்தே கிடப்பதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும். அவர்கள் பிடிக்கும் கொத்தின் பிடியை யார் அளந்து பார்த்தார்கள்?

அடுத்து அரிவாள். அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: “எனக்கு நொட்டாங்கைப் பழக்கம். கீரை அறுத்தா வேரோட வந்துரும். மாமியா கிட்ட அதுக்கு வாங்காத பேச்சில்ல.”

பட்டறைக்காரர் சிரித்தார். “ஒங்க மேல தப்பில்லக்கா. பல்லு அந்தப் பக்கம் இருக்கு.”

கதிர் அரிவாளின் பல்லை ஒரு முகத்தில்தான் வெட்டுவார்கள், அதுவும் வலதுகைக்காரருக்கு. இடதுகையில் பிடித்தால் அந்த முகம் புரண்டுவிடும். பல் தண்டைக் கவ்வாமல் வழுக்கும், நாம் இழுக்க இழுக்கச் செடி வேரோடு கிளம்பும். நாற்பது வருஷமாக அம்மா தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பட்டறைக்காரர் பழைய லாரிப் பட்டாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காய்ச்சி அடித்து வளைத்தார். ஆறியதும் மடியில் சாக்கைப் போட்டு, சின்ன உளியால் மறுமுகத்தில் பல் வெட்டத் தொடங்கினார். உளியைச் சாய்த்து ஒரு தட்டு, மயிரிழை நகர்த்தி இன்னொரு தட்டு. ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம். இரும்பு மெத்தென்று இருக்கும்போதே பல் வெட்டியாக வேண்டும். அதன் பிறகு செக்கச் சிவக்கக் காய்ச்சி, வெட்டும் விளிம்பை மட்டும் தண்ணீரில் காட்டினார். முழுதாக முக்கினால் கண்ணாடிபோல் ஒடியும். முதுகில் மிச்சமிருக்கும் சூடு விளிம்புக்கு ஓடிவந்து, அங்கே வைக்கோல் நிறம் படரும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் முழுதாகத் தண்ணீரில் போட்டார்.

கணைக்குக் கருவேலம் நல்லது. நார் நீளவாக்கில் ஓடும் கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கணை ஆடினால் முதல்நாள் ராத்திரி மண்வெட்டியைத் தொட்டித் தண்ணீரில் போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஊறிப் பருத்த கட்டை இரும்புக்குள் நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிடச் சுருங்கும். ஓர் ஆப்பு அடித்தால் தீரும் காரியம்.

கத்தரியைப் பற்றி ஒன்றே ஒன்று. தக்காளி, மிளகாயில் வரும் புகையிலைத் தேமல் நச்சுயிரி கத்தரியாலும் கையாலும்தான் செடிக்குச் செடி தாவுகிறது. தேமல் கண்ட செடியை நறுக்கியதும் கத்தரியைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பீடி, சிகரெட் பிடித்த கையோடு தக்காளியைத் தொட வேண்டாம், அந்தப் புகையிலையிலிருந்தே அது வரலாம். பூவாளி வாங்கும்போது துளைகள் மேல்நோக்கி இருக்கிற மாதிரி பாருங்கள். தண்ணீர் எழும்பிச் சாரலாக விழும், விதைத்த கீரைப் பாத்தியைக் கலைக்காது.

போன வெள்ளிக்கிழமை அம்மா அரைக்கீரைப் பாத்தியில் முதல் அறுப்பு அறுத்தார். நான் பக்கத்தில் சட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வேர்கூடக் கிளம்பவில்லை. அறுத்துவிட்டு வந்த அடிக்கட்டைகள் மூன்று விரல் உயரத்தில் வரிசையாக நின்றன. பாத்தியின் கடைசிக்குப் போனவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அரிவாளை முந்தானையில் துடைத்து, எரவாணத்தில் தானே செருகிக்கொண்டார்.

(தொடரும்)