துக்கம் காக்கவும் வழியில்லாத வீடுகள்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உளவியல் என்ன செய்ய முடியும்? எது அதன் கையில் இல்லை?

திவசம் கொடுக்கத் திதி வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீடு என்றால் அடுத்தடுத்து ஆக வேண்டியது என்ன என்பது ஊருக்கே தெரியும். காடாத்து, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வருடம் திரும்பினால் ஆட்டைத் திவசம். தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்வார்கள். வாய்விட்டு அழ ஒரு நாள், உறவுக்கு ஆக்கிப்போட ஒரு நாள், மறுபடி வெளியே தலைகாட்ட ஒரு நாள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குத் தொடங்க ஒரே ஒரு சேதி போதும்: ஆள் போய்விட்டார், இன்ன நாளில் போனார். அந்தச் சேதி வந்து சேராத வீட்டில் எதுவும் தொடங்குவதில்லை. அதனால் எதுவும் முடிவதுமில்லை.

இலங்கையில் அப்படிப்பட்ட வீடுகள் பல்லாயிரம். 1980களின் கடைசியிலிருந்து அங்கே காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 60,000 முதல் 1,00,000 பேர் வரை இருக்கலாம் என்பது ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் மதிப்பீடு. தெற்கே இடதுசாரி அமைப்பான ஜே.வி.பி.யின் கிளர்ச்சிக் காலத்தில் இழுத்துச் செல்லப்பட்ட சிங்கள இளைஞர்கள் இதில் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று குடும்பத்தார் சொல்லும் தமிழர்களும் உண்டு. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவிடம் 1990 முதல் பதிவான காணாமல்போனோர் பெயர்கள் மட்டும் 16,000க்கு மேல். அந்தப் பட்டியலில் போர்க்களத்தில் தொலைந்த அரசுப் படையினரும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களைப் பற்றி உளவியல் ஆய்வுகள் பேசத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது.

ஆள் இல்லை, ஆனால் இருக்கிறார்

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார். கணவர் வீட்டில் இல்லை. ஆனால் வீட்டில் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அவர் இருந்தார். அவருடைய இடம் காலியாகவும் இல்லை, நிரம்பியும் இல்லை. இதை 'முடிவு தெரியாத இழப்பு' என்று பெயரிட்டுக் கோட்பாடாக வளர்த்த பாஸ், 1999இல் அதைத் தனி நூலாக எழுதினார். அவருடைய வாதத்தின் அச்சாணி இதுதான்: கோளாறு அந்தப் பெண்ணின் மனத்தில் இல்லை, அவள் மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமையில் இருக்கிறது.

பின்னால் வந்த ஆய்வுகள் அந்த நிலைமையின் கனத்தை அளந்து பார்த்தன. ஹோண்டுராஸில் ஆட்கள் காணாமல் ஆக்கப்பட்டுப் பத்தாண்டு ஆன பிறகும் அவர்களுடைய குடும்பங்களில் பதற்றத்தின் அறிகுறிகள் தணியவில்லை என்று 1994இல் ஓர் ஆய்வு காட்டியது. போஸ்னியாவில் கணவர் கொல்லப்பட்டது உறுதியான 56 பெண்களையும், கணவர் என்ன ஆனார் என்றே தெரியாத 56 பெண்களையும் ஒப்பிட்டார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில், தெரியாதவர்களுக்கே துயரமும் மனச்சோர்வும் கடுமையாக இருந்தன. தென்னிலங்கைக் குடும்பங்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். உடல் கிடைக்காதவர்களுக்குள்ளேயே, 'இறந்துதான் போயிருப்பார்' என்று மனம் ஒப்பியவர்களைவிட, இருக்கிறாரா இல்லையா என்று நிச்சயமில்லாதவர்கள் அதிகம் வாடியிருந்தார்கள்.

கொலம்பியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு இன்னொரு முடிச்சைப் போட்டது. காணாமல்போனவர் உயிரோடு இருப்பார் என்ற நம்பிக்கை எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுக்குத் துயரமும் நீடித்தது. வாழவைக்கும் என்று நாம் எல்லோரும் சொல்லும் நம்பிக்கைதான் இவர்களை வதைக்கவும் செய்கிறது.

அப்படியென்றால் 'நம்பிக்கையை விட்டுவிடுங்கள்' என்று சொல்வதுதான் சிகிச்சையா?

சிகிச்சை நின்றுபோகும் இடம்

துயரத்துக்குத் தனியாக ஒரு சிகிச்சை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் கேத்ரின் ஷியர் வகுத்த அந்த முறையில் பதினாறு அமர்வுகள். இழப்புச் செய்தி வந்த அந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தினமும் போட்டுக் கேட்க வேண்டும். தாங்க முடியாதது மெல்ல மெல்லத் தாங்கக் கூடியதாகிறது. 2005இல் வெளியான பரிசோதனையில் இந்த முறையில் 51 சதவீதத்தினர் முன்னேறினார்கள். வழக்கமான உரையாடல் சிகிச்சையில் முன்னேறியவர்கள் 28 சதவீதம்தான். துயரம் பற்றிய ஆய்வுலகில் இது பெரிய பாய்ச்சல்.

ஆனால் வவுனியாவில் மகனைத் தேடும் தாய்க்கு எந்த நேரத்தைத் திரும்பச் சொல்வது? செய்தி வந்த நேரம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாதே. சிகிச்சையின் நடுத்தூண் நிற்கும் இடத்தில் அவளுக்கு வெறும் பள்ளம்தான் இருக்கிறது.

நோய் வரையறையும் அவளைக் கைவிடுகிறது. 'நீடித்த துயரக் கோளாறு' என்ற நோய்ப்பெயரை 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும், அதே ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் ஏற்றுக்கொண்டன. துயரம் ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது ஒன்று, பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது மற்றொன்று. இரண்டிலும் முதல் நிபந்தனை ஒன்றுதான்: நெருங்கிய ஒருவர் இறந்திருக்க வேண்டும். மரணம் உறுதியாகாதவர்களின் துயரத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இங்கேதான் அர்ஜென்டினாவின் அனுபவம் முக்கியமாகிறது. 1977 ஏப்ரலில் இராணுவ ஆட்சிக்கு எதிராக, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு, பிளாசா டி மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கிய தாய்மாருக்குத் துணையாக உளவியல் குழு ஒன்று உருவானது. டயானா கோர்டன், லூசிலா எடல்மன் ஆகிய மருத்துவர்கள் அதில் இருந்தார்கள். சான்று எதுவும் காட்டாமல் 'செத்துவிட்டான் என்று எண்ணிக்கொள்' என்று ஒரு தாயை நெருக்குவது, குற்றத்தை மூடி மறைக்க விரும்புகிறவர்களின் வேலையைத் தாயின் கையாலேயே செய்யவைப்பதாகும் என்பது அவர்களுடைய வாதம். நல்ல மனத்தோடு அதைச் சொல்லும் ஆலோசகரும் தெரியாமல் அந்தப் பக்கம் போய் நின்றுவிடுகிறார். மகனைத் தான் கொன்றுவிட்டது போன்ற குற்ற உணர்வு மட்டும் தாயிடம் தங்கிவிடுகிறது.

திருமண அழைப்பிதழில் ஒரு குழப்பம்

பாஸ் சொல்லும் வழி வேறு. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும் என்கிறார். அவர் வராமல் போகலாம், வரவும் கூடும். நான் தேடவும் செய்வேன், பிள்ளைகளையும் கரைசேர்ப்பேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கில், உடல் கிடைக்காத கட்டடப் பணியாளர்களின் குடும்பங்களோடு அவர் வேலை செய்தது மருத்துவமனை அறையில் அல்ல. தொழிற்சங்கம் கூட்டிய கூட்டங்களில் பல குடும்பங்களை ஒன்றாக உட்காரவைத்துத்தான் பேசினார்கள்.

இலங்கையில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு நடத்திவந்த உடனிருப்புத் திட்டமும் இந்தத் தடத்தில்தான் வந்தது. 2016இல் அந்தக் குழு வெளியிட்ட அறிக்கைக்காக நானூறுக்கு நெருங்கிய குடும்பங்களைச் சந்தித்துப் பேசினார்கள். அவர்கள் முதலில் கேட்டது, ஆள் என்ன ஆனார் என்ற பதிலை. அதன் பிறகுதான் பிழைப்பு, சட்டச் சிக்கல், மன ஆறுதல் எல்லாம் வந்தன. திட்டத்தில் ஒரே பகுதியைச் சேர்ந்தவர்களைச் சிறு குழுக்களாகக் கூட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களை வழிநடத்தவைத்தார்கள்.

அப்படிப்பட்ட கூட்டங்களில் எழும் கேள்விகளை நோய்ப்பட்டியல் எதிலும் காண முடியாது. பொட்டு வைப்பதா, வேண்டாமா? வைத்தால் 'புருசனைத் தொலைத்துவிட்டு அலங்காரத்தைப் பார்' என்ற பேச்சு. விட்டால் தன் கையாலேயே அவரைக் கொன்றதாக ஒரு நெஞ்சுக்குத்தல். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா? அச்சகத்துக்காரர் நாளைக்குள் பதில் கேட்பார். மணவறைக்குப் பக்கத்தில் தாய் நிற்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். சாத்திரியிடம் போனால் 'இருக்கிறார், கிழக்குத் திசையில்' என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்து இன்னும் ஓர் ஆண்டு ஓடிவிடும். இதே கேள்வியைச் சுமக்கும் இன்னொருத்தி எதிரே உட்கார்ந்திருக்கும்போது, தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயம் முதலில் விலகுகிறது. இந்தத் துயரத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் வேறு கோணத்தில் எழுதிவந்தார். தமிழ்ச் சமூகத்தில் ஒருவர் தன்னைத் தனியாளாக நினைப்பதைவிடக் குடும்பமாக, ஊராக நினைப்பதே அதிகம். அடியும் அங்கேதான் விழுகிறது. ஆகவே குடும்பத்தையும் ஊரையும் விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பது பாதி வைத்தியம் என்பது அவர் நிலைப்பாடு. அவரைப் போன்றவர்களின் முயற்சியில் வடக்கில் உளவளத்துணை என்ற பெயரில் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் பயிற்சி பெற்றார்கள். அவர்களிடம் வருகிறவர்கள் 'மனம் சரியில்லை' என்று சொல்லி வருவது குறைவு. நெஞ்சு இறுக்கம், தலையிடி, பெருமூச்சு, ஒரே யோசனை என்றுதான் வருவார்கள்.

அடுப்பும் ஆவணமும்

போர் முடிந்த உடனே, 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் 1,517 வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு 7 சதவீதத்தினரிடம்தான் இருந்தது. பதற்றம் 32.6 சதவீதம், மனச்சோர்வு 22.2 சதவீதம். போர் நடந்த இடம் என்றாலே குண்டுச் சத்தத்தின் நினைவுக்கு மட்டும் வைத்தியம் பார்க்க வந்துவிடும் வல்லுநர்களுக்கு இந்த எண்கள் ஒரு பாடம். கென்னத் மில்லரும் ஆண்ட்ரூ ராஸ்முசனும் 2010இல் எழுதிய கட்டுரை, போரின் பாதிப்பில் பெரும்பகுதி அன்றாட நெருக்கடிகளின் வழியாகவே மனத்தை வந்தடைகிறது என்று வாதிட்டது. வருமானம் இல்லை, வீடு இல்லை, ஆண் துணை இல்லாத வீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை.

காணாமல்போனவரின் வீட்டில் இந்த நெருக்கடிகளுக்குக் காகித வடிவமும் உண்டு. வங்கிக் கணக்கு அவர் பெயரில், காணி உறுதி அவர் பெயரில். மரணச் சான்றிதழ் இல்லாமல் எதையும் தொட முடியாது. அதை வாங்கக் கையெழுத்துப் போட்டாலோ தேடும் உரிமையே போய்விடும் என்ற பயம். இந்த இக்கட்டைத் தீர்க்க, இறந்தார் என்று சொல்லாமல் ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழை இலங்கை 2016இல் சட்டமாக்கியது. மனநலத்துக்கு உதவும் ஏற்பாடு சில வேளை பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நமக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரையோரத்தைத் தாக்கியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம் என்பது அன்றிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவு. வீட்டில் அடுப்பெரிய ஏழு ஆண்டு காத்திருக்க முடியுமா? அந்த விதியைத் தளர்த்தித்தான் நிவாரணத்துக்கு வழிசெய்ய வேண்டியிருந்தது. கடலுக்குக் கொடுத்த வீட்டுக்கும் காவலுக்குக் கொடுத்த வீட்டுக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. கடலிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது. அரசிடம் கேட்கலாம்.

தோண்டுகிறவர்களும் துணை நிற்கிறவர்களும்

2017 பிப்ரவரி 20ஆம் தேதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தாய்மார் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்துகொண்டன. பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துபோய்விட்டார்கள். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழி அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு பள்ளிக்கூடப் பை, பொம்மை, உடுப்புகள் எல்லாம் கிடைத்தன. அடையாளம் காட்டுவதற்காக அவற்றை நீதிமன்ற உத்தரவுப்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த வரிசையில் நின்று, இது என் பிள்ளையின் சட்டையாக இருக்கக்கூடாது என்றும் இருந்துவிட்டால் தேவலை என்றும் ஒரே மூச்சில் நினைக்கிற மனத்துக்கு அன்று யார் துணை?

இதற்கு விடை கண்ட நாடுகள் இருக்கின்றன. குவாத்தமாலாவில் மாயா மக்களின் புதைகுழிகளைத் தடயவியலாளர்கள் தோண்டியபோது, எக்காப் என்ற உளவியல் குழு தோண்டுவதற்கு முன்பும் தோண்டும்போதும் எலும்புகளை ஒப்படைக்கும் நாளிலும் குடும்பங்களோடு இருந்தது. மறு அடக்கச் சடங்குகளுக்கு இடம் விட்டார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவில் காணாமல்போன சுமார் 40,000 பேரில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு என்ன ஆனது என்று கண்டறிய முடிந்தது. மரபணுச் சோதனை அங்கே பேருதவியாக இருந்தது. விடை கிடைத்த வீட்டில் துக்கம் தீர்ந்துவிடாது. ஆனால் தொடங்கும். தொடங்கிய துக்கத்துக்குச் சடங்கு இருக்கிறது, உறவு இருக்கிறது, தேவைப்பட்டால் ஷியரின் பதினாறு அமர்வுகளும் இருக்கின்றன.

ஆகவே, இந்தக் குடும்பங்களுக்கு ஆலோசகர் வேண்டுமா, விசாரணை வேண்டுமா என்று கேட்பதே பிழை. பதில் வரும்வரை உயிரோடும் புத்தியோடும் இருக்க ஆலோசகர் வேண்டும், குழு வேண்டும், மாத வருமானம் வேண்டும். பதில் கொடுக்க வேண்டிய பொறுப்பை மட்டும் எந்த மனநல மருத்துவரின் தலையிலும் கட்ட முடியாது. இலங்கை அரசின் காணாமல் ஆக்கப்பட்டோருக்கான அலுவலகம், நீதிமன்றம், மரபணு ஆய்வகம், இராணுவத்தின் கோப்புகள் ஆகியவை செய்யாத வேலையை மாத்திரையும் மனப்பயிற்சியும் ஈடுகட்டும் என்று எதிர்பார்ப்பது அந்தத் தாய்மாருக்கு இன்னொரு அநியாயம். அரை நூற்றாண்டு ஆய்வின் சாரம் இதுதான்: இந்த நோய்க்கு மருந்தின் பாதி அரசின் கையில் இருக்கிறது. அதை வெளியே எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் மனநலப் பணிதான்.